வான்தீவுக் கடலில் நான் பிடித்த கயிறு

என் தங்கை நிவேதாவுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தூத்துக்குடிக்குப் போனேன். மாப்பிள்ளையை அவளே பார்த்து முடித்திருந்தாள். நான் பார்க்க வேண்டியிருந்தது, அவனை வேண்டாம் என்று சொல்வதற்கு ஒரு காரணம்.

காரணத்தோடு திரும்பி வரச் சொல்லி அனுப்பியது அம்மா. எங்கள் வீட்டில் ஆண்பிள்ளை கிடையாது, அப்பாவும் இல்லை. அதனால் சேலத்தில் தண்ணீர்க் குழாய் ரிப்பேரிலிருந்து சம்பந்தம் பேசுவது வரை எல்லாம் என் தலையில்தான் விடியும். போதாக்குறைக்கு நான் வங்கியில் நகை மதிப்பீட்டாளர். அடகுக்கு வரும் நகையை உரசிப் பார்த்து, இது தங்கம், இது பூச்சு என்று முகத்துக்கு நேரே சொல்வது என் தொழில். "நீ ஒரு பார்வை பாத்தாப் போதும், தெரிஞ்சு போயிரும்" என்றாள் அம்மா. பையன் வேறு மதம் என்பது அவளுக்கு இரண்டாவது கவலைதான். முதல் கவலை கடல். "தண்ணிக்குள்ள போறவன் மேல வருவான்னு என்னடி நிச்சயம்? நீ சரின்னா சரி, வேண்டாம்னா வேண்டாம். எல்லாம் உன் வாயிலதான் இருக்கு" என்று சொல்லித்தான் என்னை வழியனுப்பினாள்.

நிவேதா தூத்துக்குடியில் பவளப் பாறைகளை ஆராயும் ஒரு கூடத்தில் வேலை பார்க்கிறாள். அவள் பார்த்து வைத்திருந்த அமலன் அதே கூடத்துக்காகக் கடலில் மூழ்கி, பவளங்களை நட்டுப் பராமரிக்கிறவன். எங்கள் பக்கத்தில் கிணற்றில் தூர் வாருகிறவரைத்தான் இதற்குப் பக்கத்தில் வைத்து நினைத்துப் பார்க்க முடிந்தது. அதை நிவேதாவிடம் சொன்னபோது அவள் அரை நாள் என்னோடு பேசவில்லை.

முதல் நாள் ஊர் சுற்றினோம். வெயில் என்றால் சேலத்திலும் வெயில்தான்; ஆனால் இங்கே அது உப்பையும் சேர்த்துக்கொண்டு அடிக்கிறது. ஊருக்கு வெளியே உப்பளங்களில் வெள்ளை வெள்ளையாகக் குவித்து, பனையோலை போட்டு மூடியிருந்தார்கள். ஸ்கூட்டரில் நிவேதாவுக்குப் பின்னால் உட்கார்ந்து போகையில் உதட்டை நக்கினால் போதும், ஊறுகாய் தேவையில்லை.

முத்து நகரம் என்று பெயர் வைத்திருக்கிறார்களே, அம்மாவுக்கு ஒரு முத்து வாங்கலாம் என்று ஒரு நகைக்கடைக்குள் நுழைந்தேன். கடைக்கார அண்ணாச்சி ஒரு தட்டை எடுத்து முன்னால் வைத்தார். அசலா என்று பார்க்க ஒன்றை எடுத்து முன்பல்லில் லேசாக உரசினேன். அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"நீங்க தொழில் ஆளுல்லா?" என்றார். "அப்போ உள்ளதச் சொல்லுதேன் தங்கச்சி. இது ஹைதராபாத்துல இருந்து வாரது. நம்ம கடல்ல முத்துக் குளிப்ப நிப்பாட்டி ரொம்ப காலமாச்சு. நீங்க பேசாம மக்ரூன் வாங்கிட்டுப் போங்க. அது நம்ம ஊருது."

ஒரு நகைக்கடைக்காரர் வாடிக்கையாளரை மிட்டாய்க் கடைக்கு அனுப்பி வைத்ததை அன்றுதான் பார்த்தேன். அவர் சொன்னதைக் கேட்டேன். முட்டையின் வெள்ளைக் கருவும் முந்திரியும் சேர்த்துக் கூம்பு கூம்பாகச் சுட்டிருந்தார்கள். வாயில் போட்டதும் கரைந்து, முந்திரி மட்டும் கொஞ்ச நேரம் தாமதித்துப் போனது. போர்த்துக்கீசியர் விட்டுப்போனது என்று நிவேதா சொன்னாள். விட்டுப்போனவற்றில் இது உருப்படியானது என்று நான் சொன்னேன். எங்கள் ஊர்த் தட்டுவடை செட்டுக்கு அடுத்த இடம் தாராளமாகக் கொடுக்கலாம்.

பிறகு டச்சுக்காரர்கள் கட்டிய தேவாலயத்தையும், அங்கிருந்து பனிமய மாதா கோயிலையும் பார்த்தோம். இந்த வெயிலில் மாதாவுக்குப் பனியைப் பெயராக வைத்தவர்களின் மனசை நினைத்தால் சிரிப்பாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. எனக்கு முன்னால் முக்காடு போட்ட ஓர் அம்மாள் முழங்கால் போட்டு, மாதாவோடு பக்கத்து வீட்டுக்காரியோடு பேசுவதுபோலப் பேசிக்கொண்டிருந்தார். "பாத்துக்கோ, பய இன்னும் கரைக்கு வரல. அங்கன காத்து வேற அடிக்குன்னு சொல்லுதாவ. உனக்கும் ஒரு பிள்ள உண்டு, நான் சொல்லித் தெரிய வேண்டாம்." அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. "வந்துட்டானா? இங்கனதான் இருக்கேன். சரி, உலை வையி, வாரேன்." எழுந்து வாசல்வரை போனவர், எதையோ மறந்ததுபோலத் திரும்பி வந்து, "வந்துட்டானாம்" என்று மாதாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு அம்மா ஞாபகம் வந்தது. இந்த ஊரில் தினமும் இப்படி எத்தனை பேர் காத்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். நிவேதாவிடம் சொல்லவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, அமலன் வீட்டில் மதியச் சாப்பாடு. ஆள் ஒல்லி, நல்ல கறுப்பு. உப்பில் ஊறி ஊறித் தலைமுடி செம்பட்டையாகியிருந்தது. "வாங்க மேடம்" என்றான். அந்த மேடம் எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காததை எண்ணிச் சேர்க்கத்தானே வந்திருந்தேன், அதையும் சேர்த்துக்கொண்டேன்.

அவனுடைய அம்மா ஜெனோவா, விளைமீன் குழம்பும் கணவாய் வறுவலும் வைத்திருந்தார். தேங்காயை அரைத்து ஊற்றியதில் குழம்பு பாயசம்போலக் கெட்டியாக இருந்தது. சேலத்தில் நாங்கள் தேங்காயை இப்படிக் கை நீட்டிச் செலவழிப்பதில்லை. என் இலையில் ஒரு முழு மீன் வந்து படுத்தது. போதும் என்று கை காட்டினேன். "எங்க வீட்ல கேட்டு வைக்க மாட்டோம். வச்சிட்டுத்தான் கேப்போம்" என்று இன்னொன்றையும் வைத்தார். அப்புறம் உள்ளே திரும்பி, "ஏளா நிவேதா, குசினில அந்த ரசச் சட்டிய எடுத்துட்டு வாளா" என்று குரல் கொடுத்தார்.

எனக்குச் சுருக்கென்றது. முனைவர் பட்டம் வாங்கிய என் தங்கையை, இன்னும் பேச்சே முடியாத இடத்தில், ஏடி என்பதுபோல ஏளா என்கிறார்களே! நிவேதாவோ ரசச் சட்டியோடு இளித்துக்கொண்டு வந்தாள். "அக்கா, முதல் மூணு மாசம் அவங்க என்னை வாங்க போங்கன்னுதான் கூப்பிட்டாங்க. ஏளான்னு கூப்பிட வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்" என்று என் காதில் சொன்னாள். சரி, அந்தக் காரணமும் போயிற்று.

நான் விடவில்லை. சாப்பிட்டுக்கொண்டே, "குடிப்பீங்களா?" என்று அமலனை நேராகக் கேட்டேன். நிவேதா மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள்.

"கிறிஸ்மஸுக்கு அம்மா போடுற ஒயின் உண்டு மேடம். மத்தபடி கிடையாது. குடிச்சா முங்க முடியாது."

"கோபம் வருமா?"

"வரும். பாருல வல வீசுறவன் மேல வரும்." பார் என்றால் கடலுக்கு அடியில் உள்ள பாறை மேடு. முத்துச் சிப்பியும் பவளமும் அதில்தான் வளரும் என்று விளக்கிவிட்டு, "உங்க தங்கச்சி மேலயும் ஒரு தடவ வந்துச்சு. ஆனா தப்பு என் மேலதான்" என்றான். குறையே இல்லாத நகை வந்தால் எனக்குச் சந்தேகம் கூடுமே தவிரக் குறையாது. இரண்டாவது தரமும் உரசிப் பார்ப்பேன்.

சாயங்காலம் துறைமுகத்தை ஒட்டிய முயல் தீவுக்குக் கூட்டிப் போனார்கள். நடந்தே போகக்கூடிய தீவு. நீர் வற்றியிருந்த நேரம். பாறைக் குழிகளில் தேங்கிய தண்ணீரில் சின்ன மீன்கள் அவசர வேலை இருப்பதுபோல ஓடிக்கொண்டிருந்தன. நான் அழகான சங்கு ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். அதிலிருந்து கால்கள் முளைத்து என் மணிக்கட்டை நோக்கி நடந்தன. நான் போட்ட சத்தத்தில் தூரத்தில் நின்ற கொக்கெல்லாம் பறந்தது.

"வீட்டுக்காரரு உள்ள இருக்காரு மேடம்" என்றான் அமலன். துறவி நண்டாம். அதை என் கையிலிருந்து வாங்கி, எடுத்த இடத்திலேயே, எடுத்த பக்கமாகவே திருப்பி வைத்தான். அந்தத் திருப்பி வைத்தது எனக்குப் பிடித்துப்போயிற்று. இதை அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள்தான் தேசியப் பூங்கா. பூங்கா என்றால் எங்களுக்கு ஊஞ்சல், சறுக்குமரம், வாசலில் சோளக்கதிர். மன்னார் வளைகுடாப் பூங்காவுக்கு வாசலே இல்லை, கடல்தான் பூங்கா. பூங்காவுக்குள் இருக்கும் தீவுகளில் கால் வைக்கக் கூடாது. ஆய்வுக்கூடத்துப் படகு அனுமதி வாங்கி வேலைக்குப் போகிறது, அதில் என்னையும் முறைப்படி சேர்த்திருந்தாள் நிவேதா. கிளம்பும்போது அவள் மட்டும் படகில் ஏறவில்லை.

"நான் கூட இருந்தா நீ என் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருப்ப. அவனைப் பாரு. பாத்துட்டு உனக்கு என்ன தோணுதோ அதை அம்மாகிட்ட சொல்லு. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்றாள். சின்ன வயதில் பல் பிடுங்கப் போகும்போது இதே முகத்தோடுதான் உட்கார்ந்திருப்பாள்.

படகு மிக்கேல் அண்ணாச்சியுடையது. பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். "இதுக்கு முந்தி போட்டுல போயிருக்கீயளா தங்கச்சி?" என்று கேட்டார். ஏற்காடு ஏரியில் மிதிபடகு ஓட்டியிருக்கிறேன் என்றேன். துறைமுகத்துக் கப்பல்களும் கிரேன்களும் பின்னால் சிறுத்துப் போகும்வரை அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அதற்குப் பின் சிரிக்க நேரமில்லை, நான் வாந்தி எடுக்க ஆரம்பித்திருந்தேன். அமலன் ஓர் எலுமிச்சம்பழத்தைக் கீறிக் கையில் கொடுத்தான். முகம் துடைக்கத் தன் லேஞ்சியையும் கொடுத்தான்; கைக்குட்டைக்கு இங்கே அப்படிப் பெயர். அது சுத்தமாகத்தான் இருந்தது. அதையும் கவனித்தேன்.

வான்தீவு என்று காட்டினார்கள். பச்சைப் புதர் முளைத்த ஒரு மணல் திட்டு, எங்கள் ஊர்ப் பேருந்து நிலையம் அளவுகூட இருக்காது. கடல் தின்றுகொண்டிருந்த தீவாம். சுற்றிலும் சிமெண்டுக் கூடுகளை இறக்கி வைத்த பிறகு மணல் மெல்ல மெல்லத் திரும்பி வருகிறதாம். அமலன் அடியில் கண்ணாடி பதித்த ஒரு பெட்டியைத் தண்ணீரில் வைத்து, குனிந்து பார்க்கச் சொன்னான்.

பார்த்தேன். கடுகுப் பூ நிறத்தில், செம்மண் நிறத்தில், மான்கொம்புபோலக் கிளைத்துப் பவளங்கள். நடுவில் பச்சையும் நீலமுமாகக் கிளிமீன் கூட்டம் கல்லைக் கொறித்துக்கொண்டிருந்தது. என் வயதையும் வயிற்றையும் மறந்து, "ஐயோ, ஐயோ!" என்று கத்தினேன். இருபது வருடமாகப் பிறர் நகைகளைப் பார்த்துப் பார்த்து எதற்கும் வாய் பிளக்காதவள் நான். அன்று பெட்டியிலிருந்து தலையைத் தூக்கவே மனமில்லை.

"அந்தா, அந்த வரிசை நிவேதா நட்டது" என்றான் அமலன். விரல் நீளத்துக்குச் சின்னச் சின்னக் கிளைகள். அதில் பாதியின் மேல் யாரோ விட்டுப்போன வலை ஒன்று அழுக்குத் துணிபோல மூடிக் கிடந்தது. அன்றைய வேலை அந்த வலையை அறுத்து எடுப்பது. நங்கூரம் போடுமுன் அதன் ஒரு துண்டு எங்கள் படகைத் தள்ளும் காத்தாடியிலும் சுற்றிக்கொண்டது. இன்ஜின் இருமி நின்றுவிட்டது.

அமலன் முதுகில் காற்று உருளையை மாட்டி, இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டிக்கொண்டான். டாங்க் இருந்தாலும் மிக்கேல் அண்ணாச்சி படகில் கயிறு கட்டாமல் யாரும் இறங்க முடியாது. கீழே இருப்பவன் கயிற்றை ஒரு தரம் சுண்டினால் நலம். விடாமல் சுண்டினால் உடனே தூக்க வேண்டும். வழக்கமாகக் கயிறு பிடிப்பவர் அண்ணாச்சிதான். அன்று அவர் பின்னால் குனிந்து காத்தாடியில் சுற்றிய வலையை அறுக்க வேண்டியிருந்தது. "நீ இறங்குலே, நான் கால்ல மிதிச்சிக்கிடுதேன்" என்றார். அமலன் பின்பக்கமாகச் சாய்ந்து தண்ணீரில் விழுந்தான்.

கொஞ்ச நேரத்தில் ஒரு விசைப்படகு தூரத்தில் கடந்துபோய், அதன் அலை வந்து எங்களை ஒரு தூக்குத் தூக்கிப் போட்டது. அண்ணாச்சி தடுமாறிக் காலை எடுத்தார். கயிறு சரசரவென்று ஓடியது. நான் ஒன்றும் யோசிக்கவில்லை. இரண்டு கையாலும் பாய்ந்து பிடித்தேன். உள்ளங்கை தீப்பற்றியதுபோல எரிந்தது, கயிறு நின்றது.

அண்ணாச்சி திரும்பிப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். வலை அறுத்துக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தார்.

"தங்கச்சி, நீங்க என்ன செஞ்சிருக்கீயன்னு தெரியுமா?"

"கயித்தைப் பிடிச்சேன். ஏன், தப்பா?"

"முந்தி முத்துக்கு முங்கும்போதும் சரி, சங்குக்கு முங்கும்போதும் சரி, கயிறு பிடிக்கது பொண்டாட்டி கூடப்பொறந்தவன்தான். அண்ணன் தம்பிய நம்ப மாட்டாங்க. அவன் சொத்துக்கு ஆசப்பட்டு விட்டாலும் விட்டுருவான். மச்சான் விடுவானா? விட்டா அவன் தங்கச்சியில்லா தாலி அறுக்கணும்! என் போட்டுல இன்னைக்கும் அதான் வழக்கம். இவன் கல்யாணம் ஆகாத பயல்னுதான் இதுவர நான் பிடிச்சேன். இப்போ பொண்ணு வீட்டு ஆளு கையில போயிட்டு."

"நான் பொம்பளைங்க அண்ணாச்சி."

"கயித்துக்கு அது தெரியுமா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீங்க எதுக்கு வந்திருக்கீயன்னு எனக்கும் தெரியும். அவன் மேல வாரது வரைக்கும் நீங்க பிடிச்சா, கரையில பேச்சு முடிஞ்சாச்சுன்னுதான் அர்த்தம். அப்புறம் இல்லன்னு சொன்னா அவனுக்குத் தலைக்குனிவு. வேண்டாம்னா இப்பமே என் கையில தந்துருங்க. ஒரு குத்தமும் இல்ல. நான் மூச்சு விட மாட்டேன்."

கையை நீட்டிக்கொண்டு நின்றார். அந்த மனிதரின் நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. கொடுத்துவிடலாம், அம்மாவிடம் பேசி, நிதானமாக முடிவு செய்யலாம். நியாயமும் அதுதான்.

அப்போது கயிறு என் கையில் ஒரு தரம் சுண்டியது. நலம்.

எனக்குக் கொடுக்க மனம் வரவில்லை. "நானே பிடிக்கிறேன், நீங்க வேலையைப் பாருங்க" என்றேன்.

அதன் பிறகு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. கயிறு சுண்டும்போதெல்லாம் நானும் மூச்சு விட்டேன். நடுவில் ஒரு தடவை வெகு நேரம் அசைவே இல்லை. நான் மெல்லச் சுண்டினேன். பதில் இல்லை. வலையில் சிக்கியிருப்பானோ? என் சாமி, அவன் சாமி, நேற்று முன்தினம் பார்த்த மாதா எல்லோரையும் ஒரே மூச்சில் கூப்பிட்டேன். மறுபடி சுண்டினேன். தூக்கலாமா என்று அண்ணாச்சியைப் பார்த்து வாய் திறப்பதற்குள், கீழேயிருந்து ஒரு சுண்டு வந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. இரண்டு நாளாக அவனிடம் குறை தேடியவள், அவன் மேலே வந்தால் போதும் என்று உட்கார்ந்திருந்தேன்.

வந்தான். ஒரு கை நிறைய நாறும் வலையோடு தலையை நீட்டி, வாய்க் குழாயைக் கழற்றி, "அண்ணாச்சி, தங்கச்சி வச்ச பவளம் ஒண்ணும் சாவல, எல்லாம்—" என்று ஆரம்பித்தவன், கயிறு யார் கையில் இருக்கிறது என்று பார்த்துவிட்டான். தண்ணீரில் மிதந்தபடியே என் முகத்தையும் கயிற்றையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அது என்ன தங்கச்சி? நிவேதா உனக்கா தங்கச்சி?" என்று அதட்டினேன்.

"இல்ல... உங்க தங்கச்சி" என்றான். "மைனி." மதினியை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்; மேடம் போயிற்று.

மிக்கேல் அண்ணாச்சி சிரித்த சிரிப்பில் படகு ஆடியது. போன் சிக்னல் கிடைத்த இடத்திலிருந்து அவர் ஓயவில்லை. "ஏலே, சேலத்து மைனி கயிறு பிடிச்சாச்சு!" என்று யார் யாருக்கோ சொல்லிக்கொண்டே வந்தார். கரையைத் தொடும்போது முன்பின் தெரியாத வலைக்காரர்கள் எல்லாம் எனக்குக் கை ஆட்டினார்கள். ஒருவர் ஐஸ் போட்ட சர்பத்தை நீட்டினார். ஜெனோவா அம்மாள் மாவு பிசைந்த கையோடு வந்திருந்தார். அப்படியே என்னைக் கட்டிக்கொண்டதில் என் முதுகெல்லாம் மாவு. நிவேதா மட்டும் கிட்டே வராமல் எட்ட நின்றாள். நான் ஏதும் சொல்லவில்லை. முதலில் சொல்ல வேண்டிய ஆள் வேறு.

அம்மாவை வீடியோவில் கூப்பிட்டேன். நிவேதா மெல்ல வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

"என்னடி, பையன் எப்படி?" என்றாள் அம்மா. நான் வாய் திறக்குமுன், "அது என்ன, கை இப்படிச் செவந்து கெடக்குது?" என்று பதறினாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். வலை, கயிறு, மச்சான் வழக்கம், அண்ணாச்சி கையை நீட்டியது, நான் கொடுக்காதது. அம்மா குறுக்கே பேசவே இல்லை. அம்மா குறுக்கே பேசாமல் கேட்பது எங்கள் வீட்டில் நடக்காத காரியம். என் தோளில் நிவேதாவின் விரல்கள் இறுகின.

"கெட்டியாப் புடிச்சியா?" என்று கேட்டாள் அம்மா.

"கெட்டியாத்தாம்மா புடிச்சேன்."

"அப்பச் சரி" என்றாள்.